தாடைக் கம்பியும் விளமீன் சொதியும்

ஏப்ரல் 18, வெள்ளி

இனி ஆறு வாரத்துக்கு நான் வாய் திறக்க முடியாது. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி முறுக்கிவிட்டார்கள். தாடை எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறதாம்.

சித்திரை முதல் தேதி அம்மன் கோவில் விழாவுக்கு மைக் செட் கட்டப் போனேன். கூம்புக் குழாயை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டும்போது ஏணி சறுக்கியது. மேடைப் பலகையின் விளிம்பில் போய் மோவாய் இடித்தது. விழாக் கமிட்டிக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அப்போதும் "மெயின் சுவிட்சை அணைங்க" என்று சொல்லத்தான் பார்த்தேன். வார்த்தை வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

கோவில்பட்டியில் தங்கமாரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மைக்செட் தங்கமாரி என்றால் பச்சைப்பிள்ளையும் வீடு காட்டும். செட் கட்டிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருகிற ஆள் இல்லை நான். வரவேற்புரை, நன்றியுரை, அன்னதானம் ஆரம்பம், கூட்டத்தில் தொலைந்த பிள்ளை, எல்லாம் என் குரலில்தான் ஊருக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் இப்போது கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் நிவேதா வீடியோ காலில் வந்தாள். "பேசாம இருந்தா உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிரும்ப்பா. எழுதுங்க" என்றாள். அதனால்தான் இந்த டைரி.

ஏப்ரல் 20, ஞாயிறு

செண்பகவல்லி ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஏதாவது வேண்டுமென்றால் அதில் எழுதிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டதன் பலன்.

சிலேட்டில் பெரிய கஷ்டம் இருக்கிறது. அவள் ஏதோ சொல்கிறாள், எனக்கு நடுவில் ஒரு கருத்து தோன்றுகிறது. நான் எழுதி முடித்து நிமிர்வதற்குள் அவள் மூன்று விஷயம் தாண்டிப் போய்விடுகிறாள். எழுதியதைக் காட்டினால், "இது எதுக்கு? அது அப்பமே முடிஞ்சிருச்சுல்லா" என்கிறாள்.

ஏப்ரல் 23, புதன்

காலை கேப்பைக் கூழ். மதியம் பருப்புத் தண்ணீர். சாயங்காலம் ஏதோ சூப். எல்லாம் ஸ்ட்ராவில்.

செண்பகத்துக்குத் தூத்துக்குடியில் விடைத்தாள் திருத்தும் முகாம். விடியுமுன் கிளம்புகிறாள். என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மிக்சியில் எந்தப் பாத்திரம், எதை எவ்வளவு நேரம் அரைப்பது, எதை வடிகட்டுவது என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டாள். ஒரு வேளை கூழை அவளே செய்து ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். சிலேட்டில் அப்படித்தான் எழுதினேன்.

"பழகிக்கிடுங்க. நல்லதுதான்" என்றாள்.

கைவைத்தியம் மாதிரி இது ஏதோ கைவேலை வைத்தியம் போலிருக்கிறது. மனசு வேறு எங்கும் போகாமல் இருக்க.

ஏப்ரல் 24, வியாழன்

இட்லியை மிக்சியில் சாம்பாரோடு போட்டு அரைத்தேன். இனிமேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று முகாமிலிருந்து வந்ததும் செண்பகம் ஒரு கதை சொன்னாள். அறிவியல் தாளில் தண்ணீரைச் சேமிக்கும் வழி என்ன என்று ஒரு கேள்வியாம். ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: "எங்கள் தெருவில் தண்ணீர் வந்தால்தானே சேமிப்பதற்கு." செண்பகம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறாள். தலைமைத் திருத்துநர் கூப்பிட்டு, இதெல்லாம் விடைக் குறிப்பில் இல்லை, அடித்துவிடுங்கள் என்றிருக்கிறார். இவள் முடியாது என்றிருக்கிறாள். அரை மணி நேரம் வாதம் நடந்திருக்கிறது. கடைசியில் அவர், "சரி டீச்சர், பாதியாவது குறைங்க" என்று கெஞ்ச, இவள் பாதி குறைத்துக்கொண்டாளாம்.

நான் சிலேட்டில் எழுதினேன்: "நீயா வாதாடினாய்?"

"ஏன், நான் வாதாட மாட்டேனா?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

இவள் சொல்லி ஒரு கதையை நான் முடிவுவரை கேட்டது எப்போது என்று யோசித்தேன். பொதுவாக நானே முடித்துவைத்துவிடுவது வழக்கம். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான்.

மே 4, ஞாயிறு

அடுப்படியில் செண்பகம் நிவேதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூடத்தில் எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. என் காது தொழில்முறைக் காது.

"அப்பாகிட்டச் சொல்லிட்டியாம்மா?"

"வாயத் தொறக்கட்டும். அப்புறம் சொல்லிக்கிடுதேன்."

"இப்பம் சொல்லிரும்மா. திருப்பிப் பேச முடியாது. ஈசியா முடிஞ்சிரும்."

"அது தப்புளா" என்றாள் செண்பகம். பிறகு குக்கர் கத்தியதில் மற்றது கேட்கவில்லை.

என்னவாக இருக்கும்? பிள்ளை அங்கே யாரையோ விரும்புகிறாள் போல. சாயங்காலம் சிலேட்டில் நேராகவே கேட்டுவிட்டேன்: "நிவேதா யாரையாவது விரும்புகிறாளா?" செண்பகம் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் அது இல்லை.

மே 6, செவ்வாய்

செண்பகத்தோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் ரெங்கநாயகி உடம்பு விசாரிக்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். போகும்போது செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது..." என்று ஆரம்பித்தார். செண்பகம், "டீ ஆறுது, குடிங்க டீச்சர்" என்று பேச்சை மாற்றினாள். டீ அப்போதே குடித்து முடித்து டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பதவி உயர்வு. செண்பகத்துக்கு இதற்கு முன் இரண்டு முறை தலைமையாசிரியர் பதவி வந்திருக்கிறது. இரண்டும் வெளியூர். வீடு என்னாவது, பிள்ளை படிப்பு என்னாவது, உனக்கு இருக்கிற தலைவலிக்குப் பஸ்ஸில் போய்வர முடியுமா என்று நான்தான் உட்காரவைத்துப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முதல் முறை ஒரு ராத்திரி முழுக்க ஆனது. இரண்டாம் முறை ஒரு மணி நேரத்திலேயே முடிந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எடுத்துச் சொன்னால் எதையும் புரிந்துகொள்கிறவள்.

இந்த வருடம் அப்படி எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மே 9, வெள்ளி

ஆபீஸ் வேலை என்று தூத்துக்குடி போனவள் பொழுதடையத்தான் வந்தாள். கையில் மக்ரூன் பொட்டலம். வாய் கட்டிக் கிடக்கிறவனுக்கு மக்ரூனா என்று கோபம் வந்தது. அவள் சூடான பாலில் இரண்டைப் போட்டாள். தொட்டதும் கரைந்துபோனது. ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். முந்திரி, சர்க்கரை, ஏலக்காய் மணம். தேவலோகம்.

அவளும் ஒரு டம்ளர் குடித்தாள். இனிப்பு ஆகாது என்று எப்போதும் தள்ளுகிறவள். எதிரில் உட்கார்ந்து, காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல நாள்.

மே 13, செவ்வாய்

இன்று வாஷிங் மெஷின் வகுப்பு. வெள்ளைத் துணி தனி, சாயம் போகிற துணி தனி. கேஸ் புக் பண்ணும் நம்பரை என் போனில் ஏற்றிவிட்டாள். பால்காரர், கேபிள்காரர் நம்பரையும் ஏற்றினாள்.

இரண்டு பேருக்கு மட்டும் வேகிற மாதிரி ஒரு குட்டிக் குக்கர் வாங்கியிருக்கிறாள். வீட்டில் இருக்கிறதே மூன்று குக்கர். கேட்டதற்கு, "இருக்கட்டும், உதவும்" என்றாள். டீச்சர்களுக்கு லீவு விட்டால் இப்படித்தான், கடையைப் பார்த்தால் எதையாவது வாங்கிவிடுவார்கள்.

மே 17, சனி

எதிர்வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். இதற்கு மேல் எழுத மனமில்லை.

மே 18, ஞாயிறு

நேற்று விட்டதை எழுதிவிடுகிறேன். அந்த வாசனையில் எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. ஒரு மாதமாகப் பல்லில் ஒன்றும் படவில்லை. சிலேட்டை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "கம்பி கழற்றியதும் மீன்."

செண்பகம் படித்துவிட்டு உடனே, "கூட்டிட்டுப் போறேன். நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேன்" என்றாள்.

சூசையப்பர்பட்டினமாம். கடற்கரை ஊர். விளாத்திகுளம் தாண்டிப் போக வேண்டும். கித்தேரியம்மாள் என்று ஒரு அம்மா வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மதியச் சாப்பாடு மட்டும் போடுகிறாராம். படகில் வருவதைக் கொண்டுதான் அன்றைய சமையலாம்.

"மீனுக்கு அவ்வளவு தூரமா? இங்கேயே நல்ல ஓட்டல் இருக்கிறதே?" என்று எழுதினேன்.

"அங்கதான் போறோம்" என்றாள்.

என் மேல் எவ்வளவு அக்கறை! முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறாள். பஸ் நேரம்கூடத் தெரிந்து வைத்திருக்கிறாள். நம்மிடம்தான் மைக் செட் ஏற்றுகிற குட்டியானை வண்டி நிற்கிறதே, பஸ் எதற்கு என்று எழுதிக் கேட்டேன். காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டாள்.

மே 27, செவ்வாய்

கழற்றிவிட்டார்கள்!

முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று நாலைந்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். கணீரென்று ஒரு வணக்கம் போடலாம் என்று எண்ணம். கம்பி வெளியே வந்ததும் வாயிலிருந்து வந்தது "யம்மாடி." அதுவும் பாதி.

வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறக்கிறது. போகப் போகச் சரியாகுமாம். இன்னும் ஒரு மாதத்துக்குக் கடினமானது எதையும் கடிக்கக் கூடாது. மீன் சாப்பிடலாமா என்று கேட்டேன். முள் எடுத்து, குழைந்த சோற்றோடு சாப்பிடலாம் என்றார் டாக்டர். நண்டு கூடாது, கணவாய் கூடவே கூடாது.

வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். ஆறு வாரச் சரக்கு. செண்பகம் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பொழுதடைந்ததும் தாடை வீங்கிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மே 31, சனி

காலை எட்டு மணிக்குக் குட்டியானையில் கிளம்பினோம். ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிவிட்டுச் சும்மா போவதால் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது. செண்பகம் அரக்கு நிறச் சேலை உடுத்தியிருந்தாள். மீன் சாப்பிடப் போவதற்கு நல்ல சேலை எதற்கு என்று கேட்டேன். "கறை பட்டாத் தெரியாதுல்லா" என்றாள்.

விளாத்திகுளம் தாண்டியதும் கரிசல் மெல்ல மெல்ல வெளுத்து மணலாகியது. பனைகளுக்கு நடுவே உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. காற்றில் ஈரமும் கவிச்சியும் வந்ததும் எனக்கு வாயூறிவிட்டது. பேசியதைப் பாதியில் விட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன ஊர். கடலைப் பார்த்து வெள்ளைக் கோவில் ஒன்று, இரட்டைக் கோபுரத்தோடு. தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகவில்லை. நாட்டுப்படகுகள்தான் கரையேறியிருந்தன. பெண்கள் மணலில் மீனைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். விளமீன் ஒன்று செவுள் சிவக்கக் கிடந்தது. அதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். செண்பகம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கித்தேரியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பது ஐம்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கை வரை மசாலா.

"வாங்க டீச்சரம்மா, வாங்க சார். வாய் தொறந்துட்டா? டீச்சரம்மா போன்ல சொன்னாவ. ஒங்களுக்குன்னு வெளமீன் சொதி வச்சிருக்கேன். தேங்காப்பால் ஊத்தி, காரமே கெடையாது. பச்சப்பிள்ளைக்குக் குடுக்கலாம்."

கொட்டகையில் மூன்று மேசை. கடல் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. இலை போட்டு, சோறு வைத்து, சொதியை ஊற்றினார். மஞ்சள் நிறத்தில் பால் மாதிரி, மேலே கறிவேப்பிலை. செண்பகத்துக்கு நண்டும் கணவாயும். நான் கையை வைக்கப் போனேன். அப்போது கித்தேரியம்மாள் சொன்னார்:

"மாடி ரூமைக் கழுவி விட்டுட்டேன் டீச்சரம்மா. கொழாயும் மாத்தியாச்சு. திங்கக்கெழமைக்கு முன்ன சாமான் கொண்டாந்துட்டா நல்லது. சாரும் கூட வந்துருவாவளா, இல்ல நீங்க மட்டுந்தானா?"

செண்பகத்தின் முகம் மாறியது. கித்தேரியம்மாளுக்கும் புரிந்துவிட்டது. "அடுப்புல வறுவல் கெடக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

"எந்த மாடி ரூம்?" என்றேன்.

"சாப்பிடுங்க, சொல்லுதேன்."

"சொல்லு, சாப்பிடுதேன்."

செண்பகம் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். "இந்த ஊரு ஹைஸ்கூலுக்கு என்னைய எச்.எம்.மாப் போட்டுருக்காவ. திங்கக்கெழமை சேரணும். வாரத்துல அஞ்சு நாளு இந்த அக்கா மாடியில தங்கிக்கிடுவேன்."

"எப்பம் போட்டாவ?"

"பேரு லிஸ்ட்டுல முன்னமே வந்துருச்சு. எடம் போட்டது ஒம்பதாந்தேதி. தூத்துக்குடி போனேம்லா. எடம் கேட்டாவ, நாந்தான் இதைக் கேட்டு வாங்குனேன்."

மக்ரூன் பால்! "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வாயக் கட்டி வச்சிருக்க ஆளுகிட்ட எப்பிடிச் சொல்ல? பதில் பேச முடியாத நேரமாப் பாத்துச் சொன்னா அது நியாயமா? எனக்கு அப்பிடிச் செய்ய மனசு வரல. அதான் தொறக்கட்டும்னு இருந்தேன்." ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "இப்பம் பேசுங்க. எம்புட்டு நேரம்னாலும் கேக்கேன். ராத்திரி வரைக்கும் பேசுனாலும் கேக்கேன். ஆனா திங்கக்கெழமை சேந்துருவேன்."

நான் ஆரம்பித்தேன். உப்புக் காற்று உடம்புக்கு ஆகாது என்றேன். புது ஊர், புதுச் சனம் என்றேன். இந்த வயசில் ஒரு ஆளாய் ரூம் எடுத்துத் தங்குவதா என்றேன். நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் பேச்சை இதைவிடக் கவனமாக ஒரு கூட்டமும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது எங்கேயும் போய் ஒட்டவில்லை. தாடை வேறு விண்விண்ணென்று வலிக்க ஆரம்பித்தது. சோற்றைத் தொடாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மணலில் நடந்து படகுகள் வரைக்கும் போனேன். ஒருவர் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். "மீனுக்கா சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் செண்பகம் பின்னாலேயே வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். திரும்பிப் பார்த்தேன். கொட்டகையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக இருந்தது. அவளும் சாப்பிடவில்லை. என் இலையில் ஈ உட்காராமல் இருக்க ஒரு கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் வெயில் பொறுக்க முடியவில்லை. அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

"யாரு சமைச்சுப் போடுவா?" என்றேன், உட்கார்ந்ததும்.

"ஆறு வாரமா யாரு அரைச்சுக் குடிச்சா?"

"துணி?"

"போன வாரம் என் சேலையையும் சேத்து அலசிக் காயப்போட்டது யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலித்தது, வலித்ததால் முகம் கோணியது. அதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு. உள்ளிருந்து கித்தேரியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பம் வறுவல் கொண்டாரலாமா?" என்று கேட்டார்.

வறுவல் வந்தது. செண்பகம் சொதியிலிருந்த மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, என் இலையில் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது.

"நான் யார்கிட்டப் பேச?"

அவள் கை நின்றது.

"எங்கிட்டத்தான்" என்றாள். "சாயங்காலம் போன் போடுங்க. தெனமும். பாதி நேரம் நீங்க பேசுங்க, பாதி நேரம் நான் பேசுதேன்."

"பாதியா?"

"பாதிதான்."

நான் சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டு விரல் அகல வாயில் எவ்வளவு போகுமோ அவ்வளவு. விளமீன் நாக்கில் பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது. தேங்காய்ப்பாலின் தித்திப்பு, புளியில்லாத எலுமிச்சைப் புளிப்பு, அதற்கு அடியில் கடலின் ருசி. மெல்லத் தேவையே இருக்கவில்லை. சொதியில் காரமும் இல்லை. இருந்தும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தாடைக்கும் கண்ணுக்கும் ஏதோ நரம்புத் தொடர்பு இருக்கிறது, அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டும். மூன்று தடவை சோறு வாங்கினேன். கடைசியில் கித்தேரியம்மாள் நண்டு ரசத்தை ஒரு டம்ளரில் கொண்டுவந்து, "இதக் கடிக்க வேண்டாம்லா, குடிங்க" என்றார். குடித்தேன்.

சாப்பாடு முடிந்து பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். பூட்டியிருந்தது. கேட்டின் கம்பி வழியாக செண்பகம் விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். அந்தக் கட்டடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும். அந்த ஓரத்தில் பிள்ளைகள் சாப்பிட நிழல் வேண்டும். எட்டாம் வகுப்போடு நிற்கிற பெண்பிள்ளைகள் இந்த ஊரில் அதிகம், அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும். கித்தேரியம்மாளின் மகளே அப்படி நின்றவள்தானாம். வெயிலில் முகம் சிவந்துவிட்டது, அவளுக்கு அது தெரியவில்லை. ஓடு மாற்றுவதைப் பற்றி எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் மூச்சு விடும்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். விடவே இல்லை.

வரும் வழியில் வண்டியிலேயே தூங்கிவிட்டாள். பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டி வந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

பாய், தலையணை, ஒற்றை அடுப்பு, குட்டிக் குக்கர், இரண்டு வாளி, ஒரு மேசை விசிறி. எல்லாம் குட்டியானையில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். மாடி ரூமில் கரண்ட் வயரிங் சரியில்லை. இருந்து மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சன்னலைத் திறந்தால் கடல். எனக்கே பொறாமையாக இருந்தது.

கிளம்பும்போது, "பாத்துப் போங்க, வீட்டுக்குப் போனதும் போன் போடுங்க" என்றாள். எப்போதும் நான் வெளியூர் விழாவுக்குப் போகும்போது வாசலில் நின்று சொல்வது. இன்று மாடிப்படியில் நின்று சொன்னாள்.

ஜூன் 2, திங்கள்

சேர்ந்துவிட்டாள். எச்.எம். நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறதாம்.

ஜூன் 4, புதன்

வெண்டைக்காய் பொரியல் வைத்தேன். கொழகொழவென்று வந்துவிட்டது. என் தாடைக்கு அதுதான் சரி.

சாயங்காலம் போன். நான்தான் முதலில். ஆடிமாதக் கோவில் கொடைக்கு இரண்டு ஊர்க்காரர்கள் செட் கேட்டு வந்ததையும், குரல் பழையபடி இருக்கிறதா என்று பேசச் சொல்லிக் கேட்டுச் சோதித்துவிட்டுப் போனதையும் சொன்னேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. "என் பங்கு தொடங்கியாச்சு" என்றாள் செண்பகம். இன்னும் முக்கியமான ஒன்று பாக்கி இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு பார்த்தால் அது அவ்வளவு முக்கியமாகவும் தெரியவில்லை.

ஜூன் 7, சனி

இந்த வாரம் வேலை இருக்கிறது, ஊருக்கு வர முடியாது என்று செண்பகம் சொல்லிவிட்டாள். நானே சூசையப்பர்பட்டினம் போனேன். தெருமுனையில் பால்காரர், "என்னண்ணே, அக்காவப் பாக்கவா?" என்றார். மீனுக்கு என்றேன்.

பகல் ஒரு மணிக்கெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டேன். செண்பகம் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வரவில்லை. "நீங்க சாப்பிடுங்க சார், டீச்சரம்மா வர நேரமாகும்" என்றார் கித்தேரியம்மாள். இருக்கட்டும், வரட்டும் என்றேன். அதற்குள் கோவில் மைக்கில் ஏன் இரைச்சல் வருகிறது என்பதைப் பற்றி அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் மீன் அரிந்துகொண்டே கேட்டார், பாவம்.

இரண்டு மணிக்கு மேல் செண்பகம் வந்தாள். காலில் மணல், கையில் குடை. உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டாள். ஆல்வினா என்று ஒரு பெண். ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை. தகப்பன் அனுப்ப மாட்டேன் என்கிறான். திங்கள்கிழமை போனால் வீட்டில் ஆள் இல்லை, புதன்கிழமை போனால் தகப்பன் குடித்திருக்கிறான். இன்று கடலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துக் கரையிலேயே போய் நின்றிருக்கிறாள்.

இலை போட்டு, குழம்பு ஊற்றியாகிவிட்டது. இந்த முறை சொதி இல்லை, புளிக்குழம்பு, சிவக்கச் சிவக்க. எனக்கு நடுவில் மூன்று இடத்தில் கருத்து வந்தது. முதல் இரண்டைச் சொல்லிவிட்டேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினாள், வகுப்பில் உயர்த்துவது மாதிரி. மூடிக்கொண்டேன்.

தகப்பன் படகை விட்டு இறங்கி, இவளைப் பார்க்காதது போல நடந்திருக்கிறான். இவளும் கூடவே நடந்திருக்கிறாள். அவன் மீன் எடை போட நின்ற இடத்தில் நின்று, ஐஸ் பெட்டி தூக்கிய இடத்தில் ஒரு பக்கம் தூக்கி, கோவில் வரைக்கும் போயிருக்கிறாள். அங்கே அவன் திரும்பி, "என்ன டீச்சர், வுட மாட்டியளா?" என்று கேட்டிருக்கிறான். மாட்டேன் என்றிருக்கிறாள். திங்கள்கிழமை அனுப்புகிறானாம்.

சொல்லி முடித்துவிட்டு செண்பகம் சாய்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல இலையைப் பார்த்தாள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. குழம்பு சுத்தமாக ஆறிப்போய், மேலே எண்ணெய் படிந்திருந்தது.

"ஐயோ, சாப்பிடாமயா இருந்திய?"

கித்தேரியம்மாள் சூடு பண்ணித் தரட்டுமா என்று சட்டியை எடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீன் குழம்பு ஆறினால்தான் ருசி.